படிக்கும் ஓரத்துக்கும் நடுவே

முக்கூடல் கடைவீதியில் பேருந்து எப்படி நிற்கிறது என்று பார்த்தால் ஒன்று புரியும்: ஓரத்துக்கு அது வருவதே அபூர்வம். தார் ரோட்டிலேயே நின்று ஆட்களை இறக்கிவிட்டு, விசில் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிடும். படிக்கட்டுக்கும் கடை வாசலுக்கும் நடுவே நாலைந்து அடி காலியாகக் கிடக்கும். பின்னால் வரும் பைக்காரருக்கு அது பாதை. இறங்குகிற பெண்ணுக்குக் கால் வைக்கும் தரை. ஆபத்து முழுவதும் அந்த நாலைந்து அடிக்குள்தான் இருக்கிறது.

இதற்கு ஊரில் உடனே கிடைக்கும் தீர்ப்பு, "டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தினால் என்ன?" என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். ஓரம் என்று சொல்லப்படும் இடத்தில் நிறுத்திவைத்த பைக்குகள், பழவண்டி, கடைக்காரர் வெளியே இழுத்துப் போட்ட சாமான்கள், ஐப்பசி கார்த்திகையில் சகதி. அத்தனையையும் தாண்டி ஓரம் போய்விட்டால் திரும்பி ரோட்டுக்கு ஏற யாரும் வழிவிட மாட்டார்கள். பாப்பாக்குடியிலும் ஆலங்குளத்திலும் டைமிங் காத்திருக்கிறது. தனியார் பேருந்து பின்னாலேயே வந்தால் பதற்றம் இன்னும் கூடும்.

அதோடு, ஓடுபாதையிலேயே நிறுத்துவது போக்குவரத்துப் பொறியியல் ஏற்காத பாவமும் அல்ல. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வேண்டுமென்றே அப்படித்தான் நிறுத்துகிறார்கள். பேருந்து விலகிப் போய்த் திரும்பி வரும் நேரம் மிச்சம். ஐம்பது பேரை ஏற்றிய வண்டிக்கு ஒற்றை ஆள் வண்டி காத்திருப்பதுதான் முறை என்ற எண்ணம் அதன் அடிப்படை. ஆனால் அங்கே பேருந்து ஓரத்துக்குப் போகாததற்கு ஈடாக ஓரம் பேருந்திடம் வருகிறது. நடைமேடையைப் படிக்கட்டுவரை நீட்டிக் கட்டிவிடுகிறார்கள். இடையில் சைக்கிள்கூட நுழைய முடியாது. நம்மிடம் இந்த வழக்கத்தின் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

அந்த இடைவெளியில் இறங்குகிறவர்கள் யார்? முக்கூடல் பீடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். சொக்கலால் பீடி இங்கிருந்து போனதுதான். கையில் பீடித்தட்டோ கூடையோ இடுப்பில் பிள்ளையோ இல்லாமல் இறங்கும் பெண்கள் குறைவு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபிறகு அவர்கள் பயணமும் கூடியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் படி உயரம் அப்படியே இருக்கிறது. கம்பியைப் பிடித்து, முன்பக்கம் பார்த்து, கீழ்ப்படியில் கண் வைத்து இறங்குகிறவர் முதுகுக்குப் பின்னால் வரும் பைக்கை எப்படிக் காண்பார்? பைக்காரருக்கும் பேருந்தின் உடல் மறைப்பதால் படியில் இருப்பவர் கடைசி நொடியில்தான் தெரிகிறார். ஆக, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில்தான் சந்திக்கிறார்கள். "பார்த்து இறங்குங்கம்மா" என்று சொல்லிக் கடந்துபோவது அதனால்தான் எனக்கு எரிச்சல் தருகிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. சென்னையில் 1895 முதல் 1953 வரை ட்ராம் ஓடியது. தண்டவாளத்தை விட்டு அது ஓரம் போகவே முடியாது. நின்ற இடத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை இதை யோசித்தது: ட்ராமில் ஏறப்போகிறவருக்கும் அதிலிருந்து இறங்குகிறவருக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி மோட்டார் வண்டி அதைக் கடக்கக் கூடாது. ட்ராம் போய்விட்டது, நடுரோட்டில் நிற்கும் வழக்கத்தைப் பேருந்து எடுத்துக்கொண்டது. ட்ராம் பயணிக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்த காப்பு பேருந்துப் பயணிக்கு அந்த வடிவில் வரவில்லை. இடப்பக்கம் முந்தக் கூடாது என்ற பொதுவிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கடப்பது முந்துவதாகவே நம்மூரில் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜெர்மானியச் சாலை விதி ட்ராமையும் பேருந்தையும் ஒன்றாகவே பார்க்கிறது. ட்ராமோ தடப் பேருந்தோ நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும்போது, அவர்கள் இறங்கும் பக்கமாகப் போகிறவர் நடைவேகத்தில்தான் போகலாம். பயணிக்கு ஆபத்து என்றால் நின்றே ஆகவேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ட்ராம் கதவு திறந்திருக்கும்வரை பின்னால் வரும் கார் தாண்டக் கூடாது. அங்கும் விதியை மட்டும் நம்பியிருக்காமல் பல நிறுத்தங்களில் மேடை கட்டினார்கள். கொல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ட்ராமுக்கென்று ஒதுக்கியிருந்த தடங்கள் பலவற்றைப் பொதுச்சாலையோடு சேர்த்துவிட்டதால் பயணிகள் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டியதாயிற்று.

நம் பக்கம் அடிக்கடி முன்வைக்கப்படும் மாற்று, சாலையோரத்தைக் குடைந்து பேருந்துக்குத் தனி ஒதுக்கிடம் அமைப்பது. நெடுஞ்சாலையில், வேகம் அதிகமுள்ள இடத்தில், அது தேவைதான். கடைவீதியில் அது ஆறு மாதத்தில் ஆட்டோ ஸ்டாண்டு ஆகிவிடும்; பேருந்து பழையபடி தார் ரோட்டில் நிற்கும். உண்மையில் அந்த ஏற்பாடு கார்க்காரர் காத்திருக்காமல் போவதற்கானது. பயணிக்குக் கிடைப்பது மிச்சம்.

இதைவிட எளிய வழி ஒன்றைச் சில கண்டக்டர்கள் தாங்களாகவே செய்கிறார்கள்: முதலில் இறங்கி, பின்பக்கம் பார்த்துக் கையை நீட்டிப் பைக்குகளை நிறுத்தி, அதன்பிறகு ஆட்களை இறக்குகிறார்கள். காசு செலவில்லை, பலன் உடனே. ஆனால் கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பவரால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இது முடியாது. ஒருவரின் நல்ல குணத்தை நம்பி ஒரு ஊரின் பாதுகாப்பை விட்டுவைக்கவும் கூடாது.

ஆகவே நடுரோட்டில் நிறுத்துவதை நான் குறை சொல்லவில்லை. இடப்பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நிறுத்துவதைத்தான் சொல்கிறேன். கூட்டம் இறங்கும் இரண்டு மூன்று நிறுத்தங்களிலாவது, மழைத்தண்ணீர் போக அடியில் வழிவிட்டு, தார் விளிம்புவரை ஒரு மேடை கட்ட நெடுஞ்சாலைத் துறையும் பேரூராட்சியும் சேர்ந்து முன்வர வேண்டும். டிரைவர் மேடையை ஒட்டி நிறுத்தினால் போதும். பைக் நுழைய இடம் இருக்காது. அதுவரை பைக் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன்னால் பேருந்து நின்றால் நீங்களும் அதன் பின்னாலேயே நில்லுங்கள். கடைசி ஆள் இறங்கிக் கடைப்பக்கம் சேர்ந்த பிறகு வண்டியை எடுங்கள்.