சுவரைவிடக் கனம் குறைந்த செங்கற்கள்

பருப்பொருளின் மிகச் சிறிய கூறுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஓர் உவமை தவறாமல் வந்துவிடுகிறது. வீடு செங்கற்களால் ஆனது போல உலகம் அணுக்களால் ஆனது. அணுவோ எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்னும் சிறு செங்கற்களால் ஆனது. புரோட்டானுக்குள் குவார்க் என்னும் இன்னும் சிறிய செங்கல் இருக்கிறது. வகுப்பில் நானும் பல ஆண்டுகள் இவ்வாறே சொல்லி வந்தேன்.

ஒரு விடுமுறையில், ஜவ்வாது மலைமேல் உள்ள புதூர்நாட்டில் பள்ளி மாணவர் சிலருக்கு இதையே விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரே அலகில் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் மொத்த நிறை சுமார் 9. புரோட்டானின் நிறை 938. உடனே ஒரு மாணவி கேட்டாள்: "சார், மூணு கல்லும் சேர்ந்தே ஒன்பதுன்னா, சுவர் மட்டும் எப்படி தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு ஆகும்?"

விடை எனக்குத் தெரியும். ஆனால் செங்கல் உவமையை விடாமல் அந்த விடையைச் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த உவமையைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

உவமை எதுவரை உதவும்?

தொடக்கத்தில் அது நன்றாகவே உதவுகிறது. 1897-இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே கரு இருப்பதை நிறுவினார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். இக்கட்டம் வரை, உறுப்புகளின் நிறையைக் கூட்டினால் ஏறக்குறைய அணுவின் நிறை கிடைத்துவிடும். நூற்றில் ஒரு பங்கு கூட வேறுபாடு இராது. உறுப்புகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கவும் முடியும். செங்கல் என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும்?

எங்கே இடிந்து விழுகிறது?

குவார்க்கில் இரண்டு பண்புகளுமே இல்லை. புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி, உள்ளே விரைந்து இயங்கும் குவார்க்குகளின் ஆற்றலும் அவற்றைப் பிணைக்கும் புலத்தின் ஆற்றலும் ஆகும். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்ற ஐன்ஸ்டைனின் விதி இங்கே கண்கூடாகிறது. அம்மாணவியின் கேள்விக்கு இதுவே விடை.

குவார்க்கைத் தனியே பெயர்த்தெடுக்கவும் இயலாது. ஒரு காந்தத்தை வெட்டினால் வட முனையும் தென் முனையும் தனித்தனியே கிடைப்பதில்லை. இரண்டு காந்தங்கள் கிடைக்கின்றன. அதுபோல், குவார்க்கை இழுக்கச் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க்கு ஜோடியாகிவிடுகிறது. அப்படியானால் அது இருப்பது எப்படித் தெரிந்தது? 1968 அளவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டனர். அவை சிதறிய விதத்திலிருந்து உள்ளே சிறு மையங்கள் இருப்பது புலனாயிற்று. உடைத்துப் பார்த்த அறிவன்று இது. சிதறலை அளந்து பெற்ற அறிவு.

எந்தச் சுவரிலும் இல்லாத துகள்

உவமை அடியோடு மறைத்துவிடும் துகள் ஒன்றும் உண்டு. அது நியூட்ரினோ. நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒவ்வொரு வினாடியும் சூரியனிலிருந்து வரும் பல ஆயிரங்கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. எந்தப் பொருளையும் கட்ட அவை பயன்படுவதில்லை. ஆயினும் அவை அடிப்படைத் துகள்களே. செங்கல் கதையில் இவற்றுக்கு இடமில்லை. நம் கட்டுரைகள் பலவற்றில் கோலார் இடம்பெறாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

ஜவ்வாது மலைக்கு வடமேற்கே, கர்நாடகத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். வடார்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் தோண்டிய சுரங்கம் அது. தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளை அமைத்தன. மேலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்களை அத்தனை பாறையும் தடுத்துவிடும். பக்கவாட்டில் ஒரு துகள் பாய்ந்தால், அது நியூட்ரினோ அருகிலுள்ள பாறையில் மோதிப் பிறந்ததாகவே இருக்கவேண்டும். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை இவ்வாறு 1965-இல் அவர்கள் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் கண்டது.

1980-இல் அதே சுரங்கத்தில் இன்னும் துணிவான கேள்வி ஒன்று எழுப்பப்பட்டது. புரோட்டான் என்றும் அழியாததா, அல்லது என்றேனும் சிதைந்துவிடுமா? இதற்காக 140 டன் இரும்புத் தகடுகளைக் கொண்ட கருவி ஒன்று நிறுவப்பட்டது. சில பதிவுகள் சிதைவின் அடையாளமாக இருக்கலாம் என்று குழுவினர் அறிவித்தனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. புரோட்டானின் சராசரி ஆயுள், சில வகைச் சிதைவுகளைப் பொறுத்தவரை, 1-க்குப் பின் 34 சுழிகள் இட்ட ஆண்டுகளையும் மிஞ்சும் என்பது இன்றைய அளவீடு.

இது தோல்வி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. சரியான கேள்வியைக் கேட்டு, கண்டதைப் பிறர் சோதிக்கும்படி வெளியிட்டு, சோதனையின் முடிவுக்கு உட்படுவதே விஞ்ஞானம். கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்தப் பாடம் ஒருபோதும் கிட்டாது. மலையூர்ப் பிள்ளைகளுக்கோ, துகள் ஆராய்ச்சி என்பது கடல் கடந்த ஊர்களின் வேலை என்ற எண்ணமே எஞ்சுகிறது. கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நினைவும் சேர்ந்து மூடப்பட வேண்டியதில்லை.

செங்கல் உவமையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அணுக்கரு வரை அதைப் பயன்படுத்துவோம்; அதற்கப்பால் அது செல்லாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவோம். ஒவ்வொரு துகளின் பெயரோடும் "இது எப்படித் தெரிந்தது?" என்பதற்கு ஒரு வாக்கியமேனும் சேர்ப்போம். இவ்வளவு செய்தால், புதூர்நாட்டு மாணவி கேட்ட கேள்வியைப் பிற மாணவர்களும் தயங்காமல் கேட்பார்கள்.