‘பெண்மை நிறைந்த’ ஒயின்

ஒயின் விமர்சகர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஷாத்தோ லத்தூர் ஆண், ஷாத்தோ மார்கோ பெண். பிரான்சின் போர்தோ பகுதியில், மெதோக் நிலத்தில் பிறக்கும் இந்த இரு சிவப்பு ஒயின்களும் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதல் தகுதி பெற்றவை. இரண்டிலும் பெரும்பகுதி கபர்னே சோவிஞ்ஞோன் என்ற ஒரே திராட்சைதான். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதற்குள் எங்கிருந்து வந்தது இந்தப் பால்பேதம்?

மண்ணிலிருந்து என்பார்கள். அது ஓரளவு சரி. லத்தூரில் சரளைக்கு அடியில் களிமண் இருக்கிறது. மார்கோவின் சரளை மண் மெலிந்தது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினில் இறங்குவது டானின். நம் மொழியில் அதன் சுவைக்குத் துவர்ப்பு என்று தனிப்பெயரே இருக்கிறது. மார்கோவில் அந்தத் துவர்ப்பு நுண்மையானது, வயலட் பூவின் மணம் கூடி வருவது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தலாமே. ‘பெண்மை’ என்று சேர்க்கும்போது சுவையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. பெண் என்றால் மென்மை, வலிமை என்றால் ஆண் என்ற பழைய பாடம்தான் கோப்பை வழியாக மறுபடி ஒப்பிக்கப்படுகிறது. நல்ல மார்கோ பல பத்தாண்டுகள் கெடாமல் முதிரக்கூடியது. அந்தத் தாங்குதிறனை யாரும் பெண்மை என்று எழுதி நான் படித்ததில்லை.

அந்தத் தரவரிசை வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நெப்போலியனின் பாரிஸ் கண்காட்சிக்காக, சந்தை விலையை அளவுகோலாக வைத்துத் தரகர்கள் போட்ட பட்டியல் அது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். மணமான பெண் கணவனின் ஒப்புதலின்றி வங்கிக் கணக்கு தொடங்க முடிந்தது 1965இல். மாதவிலக்கான பெண் தொட்டால் புது ஒயின் புளித்துவிடும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். அதே நம்பிக்கை பிரெஞ்சு நிலவறைகளிலும் வெகுகாலம் நீடித்தது. (ஊறுகாய் ஜாடியைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் பீப்பாய்க்குப் பெண் என்று பெயர் வைக்கும் ரசனை இது.

மார்கோவின் அண்மை வரலாறு இந்த உருவகத்தை இன்னும் சங்கடப்படுத்துகிறது. 1970களில் இந்தத் தோட்டம் பெயர் கெட்டுக் கிடந்தது. 1977இல் அதை வாங்கிய ஆந்த்ரே மென்ட்செலோபுலோஸ் வடிகால்களைச் சீராக்கினார், கொடிகளை மாற்றி நட்டார், 1980இல் இறந்துபோனார். பொறுப்பேற்ற மகள் கொரீனுக்கு வயது 27. 1982இல் நிலத்தடிப் பீப்பாய் அறை கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு இளம் நிபுணர் போல் போன்தல்லியே வேலைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 2003இல் கூட்டாளிகளின் பங்கையும் கொரீன் வாங்கிக்கொண்டார். கடன், கட்டுமானம், விலை, வாரிசு என்று இந்த நிர்வாகத்தில் மென்மைக்கு என்ன வேலை? எனினும் பெண்மை என்ற சொல் புட்டிக்கே போகிறது; அதை நடத்தியவளின் முடிவுகளுக்கு மொழி கிடைப்பதில்லை.

உருவகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாக்கில் நடப்பதை எழுத ஒப்புமை வேண்டும். ஆனால் ஒப்புமை எதையாவது காட்ட வேண்டும். மார்கோ பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது ‘பெண்மை’ வரும் இடங்களைப் பென்சிலால் அடித்துவிடுகிறேன். வயலட் மணமும், நெருக்கமாக நெய்த துவர்ப்பும், விழுங்கிய பின்னும் நீளும் சுவையும் அப்படியே இருக்கின்றன.