சிதைவின் அழகும் தேய்மானக் கணக்கும்

படச்சுருள் போட்டு எடுக்கும் பழைய காமிராக்களுக்கு இப்போது மறுபடியும் ஒரு கிராக்கி வந்திருக்கிறது. இளைஞர்கள் சிலர் சேர்ந்துகொண்டு, இந்த மாதத்துக்கு இன்ன பொருள் என்று தங்களுக்குள் ஒரு தலைப்பு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சுருள், 36 படம். அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன மாதிரிதான். அப்படி வைக்கப்படும் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று உண்டு. அது 'அழிவில் அழகு'. இடிந்த வீடு, துருப்பிடித்த பூட்டு, காரை உதிர்ந்த சுவர், ஆளரவமற்ற ஆலை, இவையே அதன் பாடுபொருள். இத்தலைப்பில் வரும் படங்களை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றிச் சில கருத்துகளைச் சொல்லவே இக்கட்டுரை.

அடியேன் கலைக்கல்லூரியில் பயின்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக மும்பை வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டோ சாமான் வியாபாரம் செய்தவன். விற்கிற சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று படிக்கத் தொடங்கியதுதான் என் படிப்பு. ஆகவே இதில் கடைக்காரன் பார்வை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் தேய்மானம் என்று ஒன்று எழுதுகிறோம். என்ன பொருள், வாங்கியபோது என்ன மதிப்பு, இந்த ஆண்டு எவ்வளவு தேய்ந்தது, மிச்சம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அழிவைக் காட்டும் படத்திடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். இங்கே என்ன இருந்தது? எப்போது போயிற்று? யாருக்குப் போயிற்று? இவற்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லும் படம் முழுப் படம். வெறும் அழகை மட்டும் காட்டி நிற்பது பாதிக் கணக்கு.

ஒரே ஆண்டில் இரண்டு இடிபாடுகள்

இந்தியாவில் இடிபாட்டைப் படமெடுப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1858-ஆம் ஆண்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் இரு வேறு ஊர்களில் அதைச் செய்தார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

முதலாமவர் லின்னேயஸ் டிரைப். சென்னை இராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மெழுகு ஏற்றிய பெரிய தாள்களையே நெகட்டிவாகப் பயன்படுத்தி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று மாட்டு வண்டிப் பாதைகளில் சுமையோடு திரிந்தார். மதுரையில் அவர் எடுத்த படங்களில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் சுண்ணாம்பு பூசிய மகால் அல்ல, இடிந்து நின்ற மகால். பெரும் தூண்கள், முறிந்த சுவர்கள், ஆளில்லாத வெளி. நிழலும் வெயிலும் அந்தத் தூண்களில் விழுந்திருக்கும் அழகை எவரும் மறுக்க முடியாது. ஆனால் டிரைப் அங்கே போனது சோகத்தை ரசிக்க அல்ல. கட்டடம் என்ன அளவு, எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று பதிவு செய்யப் போனார். பின்னாளில், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பழுதுபார்ப்பதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதற்கு இன்று நமக்குக் கண்கண்ட சாட்சி டிரைப்பின் படங்கள்தாம்.

டிரைப்புக்கு அழகு வேண்டாத சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அவருடைய நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக விழுந்தபோது மேகத்தைத் தூரிகையால் தொட்டுச் சேர்த்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கியிருக்கிறார். அது கலையா, ஆவணமா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்வேன். 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் இதெல்லாம் அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். செலவு மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

இரண்டாமவர் ஃபெலிஸ் பியாட்டோ. அதே 1858-இல் லக்னோவுக்கு வந்தார். முந்தைய நவம்பரில் சிக்கந்தர் பாக் என்ற மதில் சூழ்ந்த தோட்ட மாளிகையில் சுமார் இரண்டாயிரம் சிப்பாய்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பியாட்டோவின் படத்தில் குண்டு துளைத்த மாளிகை பின்னால் நிற்கிறது. முன்னால் தரையெங்கும் மனித எலும்புகள். சண்டை நடந்து மாதங்கள் ஆனபின் எடுத்த படம் அது. எலும்புகள் படத்துக்காகவே வெளியே எடுத்துப் பரப்பப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். காட்சியமைப்பு என்று பார்த்தால் அது தேர்ந்த கைதான். ஆனால் அந்த எலும்புக்குரியவன் யார், அவன் ஊர் எது, அவனுக்கு அழ ஆள் இருந்ததா என்பதைப் பற்றி அந்தப் படத்துக்கு அக்கறை இல்லை. வென்றவன் பார்த்து நிறைவடைய எடுத்த படம் அது.

டிரைப் இடிபாட்டை உள்ளபடி வைத்தார். பியாட்டோ இடிபாட்டை ஜோடித்தார். இன்று பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்து, கிழிந்த பொம்மை ஒன்றை ஜன்னலோரம் எடுத்துவைத்துப் படம் பிடிக்கிறவர்கள் பியாட்டோ வழியில் போகிறோம் என்பதை அறிய வேண்டும்.

டெட்ராய்ட்டைப் பார்த்த இரு விதம்

நம் காலத்தில் இந்த வகைப் படத்துக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார் தொழிலால் எழுந்த நகரம். 1950-இல் அதன் மக்கள்தொகை சுமார் 18 லட்சத்து 49 ஆயிரம். 2010-இல் 7 லட்சத்து 13 ஆயிரம். தொழிற்சாலைகள் வெளியேறின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், வரி வருமானம் வற்றியது, 2013-இல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. இவ்வளவு பெரிய நகரம் காலியாகிக்கொண்டிருந்தபோது, பிரான்சிலிருந்து ஈவ் மார்ஷான், ரொமேன் மெஃப்ர் என்று இரண்டு இளைஞர்கள் பெரிய காமிராவோடு வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் 2010-இல் 'டெட்ராய்ட்டின் இடிபாடுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாயின. ஒரு பழைய ஓட்டலின் நடனக்கூடத்தில் கால் ஒடிந்து சாய்ந்த பியானோ, கூரை பிய்ந்த நாடகக் கொட்டகை, மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் வெறுமையான கூடம் என்று ஒவ்வொன்றும் அரண்மனை ஓவியம் மாதிரி இருக்கும். நிறம், ஒளி, நேர்த்தி எதிலும் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறு இடத்தில். அந்தப் படங்களில் மனிதர் அநேகமாக இல்லை. படத்தைப் பார்க்கிறவனுக்கு ஏழு லட்சம் பேர் அந்த ஊரில் அப்போதும் குடியிருந்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பது தெரியாது. ஏதோ பழைய ரோமாபுரி மாதிரி முடிந்துபோன ஒன்று என்று நினைப்பான். உள்ளூர்க்காரர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. கடை வாசலில் நின்றுகொண்டு "இந்தக் கடை செத்துப்போச்சு, ஆனா எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று ஒருவன் சொன்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்?

இதற்கு எதிர்ப்பக்கம் வைக்கத் தக்கவர் கமிலோ ஹோசே வெர்காரா. சிலி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கோடாக்ரோம் சுருளை வைத்துக்கொண்டு, 1970-கள் தொட்டு ஏழைகள் வாழும் பகுதிகளைப் படமெடுத்தவர். அவர் முறை மிக எளிது. ஒரு தடவை எடுத்த இடத்துக்கே மறுபடி மறுபடி போவார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆம் தெருவில் ஒரே கடை முகப்பை 1977 முதல் பல பத்தாண்டுகள் எடுத்தார். முதலில் அது இரவு விடுதி. பிறகு தடுத்துச் சில்லறைக் கடைகள். பிறகு பலகை அடித்து மூடிய கதவு. பிறகு மெத்தைக் கடை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படமும் பிரமாதம் இல்லை. வரிசையாக வைத்தால் ஒரு தெருவின் பேரேடு கைக்கு வந்துவிடுகிறது.

வெர்காராவும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1995-இல் டெட்ராய்ட்டின் காலியான அடுக்குமாடிகளை இடிக்காமல் இடிபாட்டுப் பூங்காவாக விட்டுவைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. நடந்ததைப் பார்த்தால் ஊர்க்காரர் பக்கமே நியாயம் இருந்தது. 1988-இல் கடைசி ரயிலோடு மூடப்பட்ட அந்த மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தை 2018-இல் ஃபோர்டு கம்பெனி வாங்கிப் புதுப்பித்தது. 2024 ஜூனில் அது மறுபடி திறக்கப்பட்டது. செத்தது என்று உலகமெல்லாம் படம் பார்த்த கட்டடத்தில் இன்று விளக்கு எரிகிறது.

தோற்றம், அழிவு, நிலைபேறு

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் 'உள்ளது' என்பதற்குத் தரும் இலக்கணத்தில் மூன்று கூறுகள் உண்டு: தோன்றுதல், அழிதல், நிலைத்திருத்தல். மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. குடத்தை உடைத்தால் குடம் அழிகிறது, ஓடு தோன்றுகிறது, மண் நிலைக்கிறது. மதம் சொல்ல இதை எடுக்கவில்லை; படம் பார்க்க நல்ல அளவுகோலாக இருக்கிறது. மார்ஷானும் மெஃப்ரும் குடம் உடைந்ததை மட்டும் காட்டினார்கள். வெர்காராவின் வரிசையில் ஓடும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது.

நிலையாமை நமக்குப் புதுச் சரக்கல்ல என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமைதான். ஆனால் நான்காவது அதிகாரம் என்ன? அறன் வலியுறுத்தல். நிலையாது என்று சொன்னது, இருக்கிற நேரத்தில் ஏதாவது நல்லது செய் என்று சொல்வதற்காக. மூன்றாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு 'ஆகா' என்று உட்கார்ந்திருப்பதுதான் இன்றைய பல படங்களின் கோளாறு.

சுருளும் சிதையும்

இன்னொன்று. அழிவைப் பிடிக்கும் படச்சுருளே அழியும் பொருள். அதன் மேல் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. கொல்லாமையைச் சொல்லும் குடியில் பிறந்தவனுக்கு இது உறுத்தாமல் போகாது. அழகின் கணக்கில் எங்கோ ஓர் உயிர் பற்று எழுதப்பட்டிருக்கிறது. மும்பை மழைக்காலத்தில் அந்த ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும். அசிடேட் சுருள் நாளானால் காடி நெடி அடித்துச் சுருங்கும். காலாவதியான சுருளைத் தேடிப் போய் வாங்கி, அதில் விழும் வெளிறிய நிறத்துக்காகவே எடுப்போரும் உண்டு.

சுருள் செய்த இடங்களும் சிதைந்தன. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுச் சுருளைத் தந்தது. 1990-களில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டது. அந்த வளாகத்தை இன்று யாராவது படமெடுத்தால் புல்லும் பனியும் உடைந்த கண்ணாடியும் அழகாகத்தான் விழும். அங்கே இருட்டறையில் கண் பழகி வேலை செய்த தொழிலாளர் படத்தில் வருவார்களா என்பதே என் கேள்வி. நம்ம பரேல் பக்கத்து ஆலைப் புகைபோக்கிகளுக்கும் இதுவே பொருந்தும். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை.

நாம் செய்யத்தக்கது

இத்தலைப்பே கூடாது என்பதல்ல என் முடிவு. பிள்ளைகள் எடுக்கட்டும். மூன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, படத்தின் கீழே ஊர், தேதி, கட்டடத்தின் பெயர் எழுதுங்கள். 'அழிவு - எண் 7' என்று போடாதீர்கள். இரண்டாவது, காவல்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வதையும் எழுதிவையுங்கள். மூன்றாவது, அடுத்த ஆண்டும் அங்கேயே போங்கள்.

ஊருக்குப் போகும்போது நம் கிராமத்துக் கோயில் சுவரோவியங்களையும், ஓட்டு வீட்டுத் தாழ்வாரங்களையும், திண்ணைத் தூண்களையும் இம்முறையில் எடுக்கலாம். திருப்பணி என்று சுண்ணாம்பு அடிக்கப்பட்டபின் அங்கே ஓவியம் இருந்தது என்று சொல்ல அந்தப் படம் ஒன்றே மிஞ்சும். சங்க அன்பர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய நெகட்டிவ்களையும் தேடி எடுத்து, ஊரும் ஆண்டும் எழுதி, ஈரம் படாமல் வையுங்கள். எழுதிவைக்க விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.