தண்ணீருக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் போதுமா?

கிணற்று நீரைச் சீசாவில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். சில நாட்களில் ஒரு தாள் திரும்பி வருகிறது. அதில் பல எண்கள் இருக்கும். ஆயினும் படிப்பவரின் கண் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: 'சி3-எஸ்1' அல்லது 'சி4-எஸ்2' என்பது போன்ற ஒரு குறியீடு. பள்ளி மாணவனின் மதிப்பெண்ணைப் போல அது அந்தக் கிணற்றோடு ஒட்டிக்கொள்கிறது. நம் கல்லூரிகளில் நிலத்தடி நீரைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றிலும் இக்குறியீட்டுக்குரிய வரைபடத்தைக் காணலாம். கிணற்றுக்கு ஒரு புள்ளி வைத்து, "இத்தனை புள்ளிகள் நல்ல கட்டத்தில், இத்தனை புள்ளிகள் கெட்ட கட்டத்தில்" என்று முடிவு எழுதிவிடுவார்கள்.

இந்த வரைபடம் எந்த நூலிலிருந்து வந்தது? அந்நூல் உண்மையில் என்ன சொல்கிறது? அதற்குப் பின் வந்த நூல் எதைத் திருத்தியது? இவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நூல், அமெரிக்க வேளாண்மைத் துறையின் கைந்நூல் எண் 60. உவர் நிலங்களையும் களர் நிலங்களையும் கண்டறிந்து சீர்திருத்துவது பற்றியது. எல். ஏ. ரிச்சர்ட்ஸ் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரிலுள்ள உவர்நில ஆய்வுக்கூடத்தார் 1954இல் வெளியிட்டனர். இரண்டாவது நூல், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் பாசன வடிகால் வரிசையில் 29ஆம் எண்ணாக வெளியிட்ட, வேளாண்மைக்குரிய நீரின் தரம் பற்றிய நூல். ஏயர்ஸ், வெஸ்ட்காட் என்னும் இருவர் எழுதிய இது 1976இல் வந்து, 1985இல் திருத்திய பதிப்பாக வெளியாயிற்று.

முதலில் கைந்நூலின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் சிதறிக் கிடந்த அளவீட்டு முறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்த நூல் அது. மண்ணை நீர் விட்டுக் குழைத்துச் சேறாக்கி, அச்சேற்றிலிருந்து வடித்தெடுத்த நீரின் மின்கடத்து திறனை அளக்க வேண்டும் என்று அது வகுத்தது. கரைந்த உப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மின்சாரம் எளிதாகப் பாயும். எனவே மின்கடத்து திறனை உப்பின் அளவுகோலாகக் கொள்ளலாம். மண்ணின் வடிநீரில் இது 4 மில்லிமோவுக்கு மேல் இருந்தால் உவர் நிலம்; களித்துகள்களில் ஒட்டியுள்ள உலோக அயனிகளில் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களர் நிலம். உவரும் களரும் வேறு வேறு நோய்கள், அவற்றுக்கு மருந்தும் வேறு என்பதை இந்நூல் தெளிவாக்கியது. உவர் நிலத்துக்கு நல்ல நீரும் வடிகாலும் போதும். களர் நிலத்துக்கோ சோடியத்தைப் பெயர்த்தெடுக்க ஜிப்சம் போன்ற கால்சியப் பொருளும் வேண்டும்.

பாசன நீருக்கு அந்நூல் வகுத்த வரைபடம்தான் இன்று நாம் காண்பது. 'சி' என்பது மொத்த உப்பு. 250 மைக்ரோமோ வரை சி1, 750 வரை சி2, 2250 வரை சி3, அதற்கு மேல் சி4. 'எஸ்' என்பது சோடியத்தால் வரும் தீங்கு. நீரிலுள்ள சோடியத்தை, கால்சியம் மக்னீசியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு அது கணிக்கப்படுகிறது. இந்த எண்ணைச் 'சோடியம் விகிதம்' என்று இங்கே குறிப்போம்.

முதல் குறை இந்த 4 மில்லிமோ என்னும் எல்லைக் கோட்டில் இருக்கிறது. மாஸ், ஹாஃப்மன் ஆகிய இருவர் 1977இல் தொகுத்த பயிர் அட்டவணையை இரண்டாவது நூலின் திருத்திய பதிப்பு பயன்படுத்துகிறது. அதன்படி பார்லி 8 மில்லிமோ வரையிலும், பருத்தி 7.7 வரையிலும் விளைச்சல் குறையாமல் தாங்கும். நெல் 3 வரை. மக்காச்சோளமும் கரும்பும் 1.7 வரை. பீன்ஸ் செடிக்கோ 1 மில்லிமோவைத் தாண்டியதுமே தளர்ச்சி தொடங்கும்; 3.6 மில்லிமோவில் பாதி விளைச்சல் போய்விடும். கைந்நூலின் கணக்குப்படி 3.6 உவர் நிலமே அன்று! பருத்தி போட்டவருக்கு அந்த நிலத்தில் குறை தெரியாது. பீன்ஸ் போட்டவருக்கு அரைகுறை மகசூல்தான். பயிர் இன்னதென்று சொல்லாமல் நிலத்துக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். களிமண்ணைக் கலக்கிய கலங்கல் நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது சமையல் உப்பைக் கரையுங்கள். உப்பிட்ட குவளையில் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு விரைவில் அடியில் படியும். மற்றதில் கலங்கல் நெடுநேரம் நிற்கும். உப்பு நிறைந்த நீரில் களித்துகள் திரள்கிறது; உப்புக் குறைந்த நீரில் பிரிந்து மிதக்கிறது. வயலிலும் இதுவே நடக்கிறது. களி திரண்டிருந்தால் மண்ணில் துளைகள் திறந்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கும். களி பிரிந்தால் துளைகள் அடைபடும்; மேலே பொருக்குத் தட்டும்; விட்ட தண்ணீர் மேலேயே நிற்கும்.

சோடியம் களியைப் பிரிக்கப் பார்க்கும்; நீரிலுள்ள மொத்த உப்பு அதைத் திரட்டப் பார்க்கும். கைந்நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1955இல், குவர்க், ஸ்கோஃபீல்டு என்னும் இரு விஞ்ஞானிகள் இதை அளந்து காட்டினர். மண்ணில் சோடியம் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு ஏற்ப நீரில் ஒரு குறைந்தபட்ச உப்பு இருந்தாக வேண்டும்; அதற்குக் கீழே போனால் மண் தன் நீர்வழிகளை அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். எஸ்1, எஸ்2 கட்டங்களைப் பிரிக்கும் கோடு இடமிருந்து வலமாகச் சரிகிறது. மொத்த உப்பு 100 மைக்ரோமோவாக இருக்கும்போது சோடியம் விகிதம் 10 வரை எஸ்1 என்று ஏற்கும் வரைபடம், 750இல் ஏறத்தாழ 6 வரையும், 2250இல் ஏறத்தாழ 4 வரையும்தான் ஏற்கிறது. அதாவது, ஒரே சோடியம் விகிதத்துக்கு உப்பு மிகுந்த நீரே அதிகத் தீங்கு என்று அது தீர்ப்புச் சொல்கிறது. நீர் உள்ளிறங்குவதைப் பொறுத்தவரை உண்மை நேர் எதிரானது.

இரண்டு நீரை ஒப்பிடுவோம். இரண்டிலும் சோடியம் விகிதம் 7. முதல் நீரின் மின்கடத்து திறன் 400 மைக்ரோமோ; இரண்டாவது நீருக்கு 2000. கைந்நூல் வரைபடத்தில் முதலாவது சி2-எஸ்1, இரண்டாவது சி3-எஸ்2. முதல் நீரே எல்லா வகையிலும் உயர்ந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். 1985ஆம் ஆண்டு நூலின் அட்டவணையோ, சோடியம் விகிதம் 6 முதல் 12 வரை உள்ள நீர் 500 மைக்ரோமோவுக்குக் குறைந்தால் உள்ளிறங்கல் கடுமையாகக் கெடும் என்கிறது. 1900க்கு மேல் இருந்தால் உள்ளிறங்கலுக்குத் தடையில்லை என்கிறது. 'நல்ல' நீர் மண்ணை அடைக்கிறது. 'கெட்ட' நீர் அடைப்பதில்லை! இரண்டாவது நீரின் உப்புப் பயிருக்குத் தொல்லை தரலாம். அது தனிக் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து வைத்ததே பிந்திய நூலின் பெரிய சிறப்பு. முதற்பதிப்பில் தாம் கொடுத்த திருத்திய சோடியம் விகிதக் கணக்கு தீங்கை மிகைப்படுத்தியது என்று அதன் ஆசிரியர்களே இரண்டாம் பதிப்பில் ஒப்புக்கொண்டு, வேறு கணக்கைத் தந்திருப்பதும் பாராட்டுக்குரியது.

கைந்நூலின்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. மண்ணின் நயம், நீர் உள்ளிறங்கும் வேகம், வடிகால், பாய்ச்சும் நீரின் அளவு, தட்பவெப்பம், பயிரின் தாங்கும் திறன் ஆகியவை யாவும் சராசரியாக உள்ள இடத்துக்கே இப்பாகுபாடு என்று அந்நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் வரைபடம் ஊர் ஊராகப் பயணம் செய்தபோது அந்த எச்சரிக்கை உடன் வரவில்லை. நூலைப் படியாமல் படத்தை மட்டும் நகலெடுத்ததால் வந்த வினை இது.

இரண்டாவது நூலின் மற்றொரு கருவி, வேருக்குக் கீழே உப்பைக் கழுவி இறக்குவதற்குத் தேவையான கூடுதல் நீரின் கணக்கு. ஒவ்வொரு பாசனமும் உப்பைக் கொண்டுவருகிறது; செடி நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை மண்ணில் விட்டுவிடுகிறது. 1.5 மில்லிமோ நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு உண்டு. ஒரு ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் உயரம் அந்நீரைப் பாய்ச்சினால் ஏறத்தாழ 10 டன் உப்பு வயலில் சேரும். பயிர் தாங்கும் மண் உப்பை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து பாசன நீரின் உப்பைக் கழித்து, வரும் எண்ணால் பாசன நீரின் உப்பை வகுக்க வேண்டும் என்பது சூத்திரம். பருத்திக்கு இது 4 சதவீதம் என்று வரும். மக்காச்சோளத்துக்கு 21 சதவீதம். அதே கிணறு, அதே நீர். பயிர் மாறியதும் தேவை ஐந்து மடங்கு மாறுகிறது. 'சி3' என்ற ஒற்றைக் குறியீட்டில் இது தெரியுமா?

ஆனால் இந்த நூலையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. அதன் அட்டவணைகள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை: மழை குறைந்த வறண்ட நாடு, பாய்ச்சும் நீரில் 15 சதவீதமாவது வேருக்குக் கீழே இறங்க வேண்டும், நல்ல வடிகால் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை நமக்குப் பொருந்தாது. நம் நாட்டில் பருவமழை உப்பைக் கழுவும், அது நன்மை. அதே மழைநீர் உப்பே இல்லாத நீர். கோடை முழுவதும் சோடியம் மிகுந்த கிணற்று நீர் பாய்ந்த வயலில் முதல் மழை விழுந்ததும், அதுவரை களியைத் திரட்டி வைத்திருந்த உப்புக் கரைந்து போகும். சோடியம் மட்டும் நிற்கும். நிலம் இறுகி மழைநீர் தேங்கும். கர்னாலில் 1969இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் அனுபவத்தில் எழுந்த இந்திய வழிகாட்டிகள், மழையளவு, மண்ணிலுள்ள களியின் பங்கு, பயிர் ஆகிய மூன்றையும் சேர்த்தே நீரை மதிப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது நிபந்தனையான வடிகால் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. கழுவி இறக்கிய உப்பு எங்கே போகும்? கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் மேற்குப் பகுதி வயல்களின் வடிநீரைக் கடலை நோக்கிக் கொண்டு செல்ல ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1975இல் வேலை நடுவழியில் நின்றது. வடிநீர் கெஸ்டர்சன் என்னும் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டது. அங்கே 1983இல் பறவைக் குஞ்சுகள் கண்ணின்றியும் அலகு கோணியும் ஊனமாகப் பிறந்தன. பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து கரைந்து வந்த செலினியம் என்னும் தனிமமே காரணம். 1986இல் வடிநீர் விடுவது நிறுத்தப்பட்டது. வயலின் நோயைத் தீர்த்த நீர் வேறோர் இடத்துக்கு நோயாகப் போய்ச் சேர்ந்தது. ரிவர்சைடு ஆய்வுக்கூடம் இருக்கும் அதே மாநிலத்தில் இது நடந்தது. உள்ளே வரும் நீருக்கு மதிப்பெண் போட்ட வரைபடத்தில், வெளியே போகும் நீருக்கு ஒரு கட்டமும் இல்லை.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டில் கிணற்றுக்குப் புள்ளி வைக்கும்போது, பக்கத்தில் நான்கு விவரங்களையும் எழுதுங்கள்: மண்ணில் களி எவ்வளவு, பயிர் எது, ஆண்டு மழை எவ்வளவு, வடிநீர் எங்கே போய்ச் சேருகிறது. உப்புக்கு ஒரு தீர்ப்பும் உள்ளிறங்கலுக்கு வேறொரு தீர்ப்பும் தனித்தனியே கொடுங்கள். உழவரும் பரிசோதனைத் தாளை வாங்கும்போது, "இந்தத் தண்ணீர் நல்லதா?" என்பதோடு நிறுத்தாமல், "என் மண்ணில், நான் போடும் பயிருக்கு இது எப்படி?" என்று கேட்க வேண்டும். 'கெட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பருத்தி விளையக்கூடிய கிணற்றைக் கைவிட்டவருக்கும், 'நல்லது' என்ற ஒரு சொல்லை நம்பி நிலத்தை இறுக விட்டவருக்கும் நேரும் இழப்பு உண்மையானது. அதைத் தடுக்கத் தேவையான அறிவு 1955 முதலே அச்சில் இருக்கிறது.