கோழிக்கு மாவுப்புழு: வீட்டு வளர்ப்பின் வரவும் செலவும்

மீல்வார்ம் என்று வண்ணமீன் கடைகளிலும் பறவை வளர்ப்போரிடமும் வழங்கும் மாவுப்புழு உண்மையில் புழு அன்று. டெனிப்ரியோ மோலிட்டர் என்னும் கரிய வண்டின் இளம்பருவம் அது. தானியக் கிடங்குகளில் மாவையும் தவிட்டையும் தின்று வாழ்ந்த இந்தப் பூச்சியை, வீட்டில் ஐந்தாறு கோழி வைத்திருப்போர் இன்று பிளாஸ்டிக் தட்டுகளில் தாமே வளர்க்கிறார்கள். தீவனச் செலவு குறையும், புரதம் கையிலேயே கிடைக்கும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. இதில் இரண்டாவதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. முதலாவது கணக்குப் போட்டால் நிற்பதில்லை.

வளர்ப்பு முறை எளிது. வழுவழுப்பான பக்கச் சுவருள்ள தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கோதுமைத் தவிட்டைப் பரப்பி வண்டுகளை விடுகிறார்கள். ஒரு பெண் வண்டு தன் இரண்டு மூன்று மாத வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். முட்டை ஒன்றிரண்டு வாரங்களில் பொரியும். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் புழு ஓர் அங்குல நீளத்தை எட்டும். பிறகு கூட்டுப்புழுவாக ஒன்றிரண்டு வாரம் அசைவற்றுக் கிடந்து வண்டாகும். தண்ணீர் வைக்கத் தேவையில்லை. ஒரு துண்டு கேரட்டோ உருளைக்கிழங்கோ போதும். கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். வண்டுகள் தம் முட்டைகளையே தின்றுவிடும்; புழுக்களும் வண்டுகளும் கூட்டுப்புழுக்களைக் கடித்துக் குதறும். அதனால் வண்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சலித்து வேறு தட்டுக்கு மாற்றவும், கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனியே வைக்கவும் வேண்டியிருக்கிறது. நாற்றமோ இரைச்சலோ இல்லை. அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது மற்ற பூச்சி வளர்ப்புகளுக்கு இல்லாத சிறப்பு.

சத்து விவரம் கவர்ச்சியானது. உலர்ந்த புழுவில் ஏறக்குறைய பாதி புரதம், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விளம்பரங்கள் இந்த எண்ணையே முன்னிறுத்துகின்றன. ஆனால் வீட்டில் வளர்ப்பவர் கோழிக்குப் போடுவது உயிருள்ள புழுவை. அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். புரதம் இருபது விழுக்காட்டை ஒட்டித்தான் வரும்.

இனி கணக்கைப் பார்க்கலாம். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீவனம் தின்கிறது. அதிலிருந்து அதற்குக் கிடைக்கும் புரதம் 18 கிராம் அளவு. பத்து கிராம் புழு தருவது இரண்டு கிராம் புரதம், அதாவது அன்றாடத் தேவையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்து கோழிக்கு இப்படிப் பத்துப் பத்து கிராம் போட, முழுதாக வளர்ந்த புழுக்கள் தினமும் நானூறுக்குக் குறையாமல் வேண்டும். மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம், எடையில் ஒன்றரை கிலோ. ஒரு கிலோ புழு உருவாக இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இரை செலவாகும் என்பது ஆய்வுகள் காட்டும் அளவு. ஆக மாதம் மூன்று கிலோ தவிடாவது போட வேண்டும். அந்தத் தவிட்டில் இருக்கும் புரதம் சுமார் 450 கிராம். திரும்பிவரும் புழுவில் இருப்பது 300 கிராம். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. அந்தத் தவிட்டைக் கோழி நேராகவே தின்றிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இழப்பு வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. தவிட்டின் புரதம் நாரோடு பின்னிக் கிடப்பதால் கோழியின் குடலுக்கு எளிதில் வசப்படாது. லைசின் போன்ற அமினோ அமிலங்களும் அதில் குறைவு. புழு அதைச் செரிமானத்துக்கு உகந்த புரதமாக மாற்றித் தருகிறது. இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் கோழிக்குப் புரதத் தேவை கூடும், ஏனெனில் இறகு பெரும்பாலும் புரதமே. அப்போதும், குஞ்சுகளின் முதல் சில வாரங்களிலும் ஒரு கைப்பிடி புழுவுக்கு நல்ல பயன் உண்டு. அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. உயிருள்ள இரையைத் தேடிக் கிளறிக் கொத்துவது அவற்றின் இயல்பு. அதற்கு வழியில்லாதபோது அவை ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்குகின்றன. எடையில் அளக்க முடியாத இந்தப் பயனே மாவுப்புழுவின் மிகச் சிறந்த பயன் என்று கொள்ளலாம்.

குறைகளில் முதன்மையானது கால்சியம். புழுவில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். அளவு மீறிப் புழு போட்டால் கோழி சமச்சீர் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், ஓடு மெலியும், கொழுப்பு ஈரலில் சேரும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது இதற்குக் கைகண்ட வழி.

தமிழகத்துக் கோடை அடுத்த தடை. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது வளர்ச்சி குன்றும், முட்டை பொரிப்பது குறையும், இறப்பு கூடும். நெருக்கமாகக் கிடக்கும் புழுக்கள் தாமே வெப்பம் உண்டாக்குவதால் தட்டின் உள்ளே அறையைவிடச் சூடு அதிகம். சித்திரை, வைகாசியில் ஒரே பிற்பகலில் தட்டு முழுதும் கருகிப்போகலாம். மழைக்காலத்திலோ தவிடு ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், தானிய உண்ணி பெருகும். எறும்பு எல்லாப் பருவத்துக்கும் பகை. தட்டு அடுக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாமல் இந்த ஊரில் புழு வளர்க்க முடியாது. தப்பிய வண்டு சமையலறை மாவில் குடியேறும் என்பதும் கருத வேண்டியது, பிறப்பால் அது கிடங்குப் பூச்சி அல்லவா?

நோய் பற்றிய அச்சம் வளர்க்கும் முறையைப் பொறுத்தது. வண்டினங்கள் சில நாடாப்புழுக்களுக்கு இடைநிலை ஓம்பிகள். கோழி எச்சமோ எலிப் புழுக்கையோ தட்டில் விழாதபடி மூடி வைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கோழிப்பண்ணைக் கூளத்தில் தானாகப் பெருகும் சிறுவண்டு வேறு இனம். சால்மோனெல்லா முதலிய கிருமிகளைச் சுமப்பது. அதைப் பிடித்துவந்து வளர்ப்பது பெருந்தவறு. புழு எதைத் தின்கிறதோ அது கோழி வழியாக முட்டைக்கும் வரக்கூடும் என்பதால், மீந்த இறைச்சியோ பூஞ்சை பிடித்த தானியமோ தட்டில் சேரக் கூடாது. மாட்டுப் பித்துநோய்க்குப் பிறகு 2001-இல் விலங்குப் புரதத் தீவனத்தைத் தடைசெய்த ஐரோப்பிய ஒன்றியம், கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தை 2021-இல்தான் அனுமதித்தது. பூச்சிக்குச் சமையலறைக் கழிவு போடுவதை அங்கே இன்றும் ஏற்பதில்லை. மாவுப்புழு தெர்மகோலையும் தின்னும் என்று 2015-இல் ஆய்வாளர்கள் காட்டியது உண்மை. அப்படி வளர்த்த புழு கோழிக்கு உகந்ததல்ல.

மாற்று வழிகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் தெளிவாகும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு ஈரமான காய்கறிக் கழிவில் வளரும், வெப்பத்தைத் தாங்கும், கால்சியமும் மிகுதி. ஆனால் நாற்றம் உண்டு, திறந்த இடம் வேண்டும். கிராமங்களில் பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சோளத்தட்டை அடைத்து நீர் தெளித்து, மாலையில் மண்ணில் கவிழ்த்து வைத்துக் காலையில் கரையானை எடுத்துக் குஞ்சுகளுக்குப் போடுகிறார்கள். அதற்குத் தவிட்டுச் செலவே இல்லை. தோட்டமும் மண்ணும் உள்ளவருக்கு இந்த இரண்டுமே மேல். மொட்டைமாடியில் நான்கைந்து கோழி மட்டும் வைத்திருக்கும் நகரவாசிக்கு, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் மூன்று தட்டு மாவுப்புழு பொருந்தும். அதையும் ஆடியில் தொடங்கினால் அடுத்த கோடைக்குள் இரண்டு மூன்று தலைமுறை எடுத்துவிடலாம்.