வண்ணத் தேர்வியில் ‘வெளிச்சம்’ என்னும் அளவு: இடைமுக வடிவமைப்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மேசைக்கணினிச் செயலிகளில் நிறத்தைத் தெரிவு செய்ய உதவும் சிறு சாளரம் வண்ணத் தேர்வி எனப்படும். பெரும்பாலான வண்ணத் தேர்விகள் சாயல், செறிவு, வெளிச்சம் என்னும் மூன்று அளவுகளின்மேல் அமைந்தவை. இவற்றுள் வெளிச்சம் என்னும் அளவு மனிதக் கண் உணரும் வெளிச்சத்தைக் குறிக்கவில்லை என்பதையும், அதனால் எழுத்தின் படிப்புத்தன்மை பாதிக்கப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது. மாற்று மாதிரிகளின் நிறைகுறைகளும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வண்ணத் தேர்வி, இடைமுகம், சாயல், செறிவு, வெளிச்சம், நிறவேறுபாட்டு விகிதம்.

முன்னுரை

கணினித் திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவையாகும். ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரையிலான எண் வழங்கப்படுவதால், 1,67,77,216 நிறங்களைக் குறிப்பிட இயலும். ஆயினும் நிறத்தை நாடும் மனிதர் இம்மூன்று எண்களால் சிந்திப்பதில்லை. ‘இந்த நீலம் சற்று வெளிறியிருக்க வேண்டும்’ என்றே எண்ணுகிறார். மனிதரின் இவ்வெண்ணத்தை எந்திரத்தின் எண்ணிக்கையாக மாற்றித் தருவது வண்ணத் தேர்வியின் பணி. ஆகவே அது ஒரு மொழிபெயர்ப்பு. எந்த மொழிபெயர்ப்பையும் போலவே, அது மூலத்திற்கு உண்மையாக உள்ளதா என்ற வினா இங்கும் எழுகிறது.

மாதிரியின் தோற்றம்

நிறத்தை மூன்று பண்புகளாகப் பகுக்கும் முறையை ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அவருடைய முறையில் அடுத்தடுத்த படிகள் கண்ணுக்குச் சமமான இடைவெளியில் அமைய வேண்டும் என்பதே அடிப்படை விதி. அவ்விதியைப் பின்பற்றியதால் அவருடைய நிற உருவம் ஒழுங்கான உருளையாக அமையவில்லை. கிளைகள் ஏறியிறங்கும் மரம் போன்று அமைந்தது. மஞ்சள் தன் முழுச்செறிவை வெளிச்சமான உயரத்தில் அடைகிறது. நீலமோ இருண்ட தாழ்நிலையில் அடைகிறது.

1978இல் ஆல்வி ரே ஸ்மித் எச்.எஸ்.வி. என்னும் மாதிரியை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜோப்லோவ், கிரீன்பெர்க் இருவரும் எச்.எஸ்.எல். மாதிரியை விளக்கினர். மன்செலின் மரம் இங்கு ஒழுங்கான வடிவமாகச் செதுக்கப்பட்டது. எச்.எஸ்.வி. மாதிரியில் வெளிச்சம் என்பது மூன்று ஒளிகளுள் மிகப்பெரிய எண் மட்டுமே. கோணவியல் சார்புகள் ஏதுமின்றி, ஒப்பீடும் எளிய எண்கணிதமும் கொண்டே இதனைக் கணக்கிட முடியும். கணிப்புத்திறன் அரிதாயிருந்த அக்காலத்தில் இது தக்க தீர்வே. அச்சூழல் மாறிய பின்னரும் அம்மாதிரி மாறாதிருப்பதுதான் ஆய்வுக்குரியது. விண்டோசின் பழைய நிற உரையாடல் பெட்டி எச்.எஸ்.எல். முறையையும், போட்டோஷாப்பின் சதுரமும் சாயல் பட்டையும் எச்.எஸ்.வி. முறையையும் தழுவியவை.

பெயரும் பொருளும்

செறிவையும் வெளிச்சத்தையும் 100 விழுக்காட்டில் நிறுத்திச் சாயலை மட்டும் 60 பாகை இடைவெளியில் நகர்த்தினால் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலப்பச்சை, நீலம், கருஞ்சிவப்பூதா என ஆறு நிறங்கள் கிடைக்கும். இடைமுகம் இவ்வாறும் ஒரே வெளிச்சம் உடையவை என்கிறது. ஆனால் திரை நிறங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. தரத்தின்படி கணக்கிட்டால், வெள்ளையின் ஒளிர்மையை 1 எனக் கொள்ளும்போது மஞ்சளின் ஒளிர்மை 0.9278; நீலத்தின் ஒளிர்மை 0.0722. ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு வேறுபாடுள்ள இரண்டு நிறங்களுக்கு ஒரே எண் சூட்டப்படுகிறது.

இவ்வேறுபாட்டின் விளைவைப் படிப்பவரே சுமக்கிறார். இணைய உள்ளடக்க அணுகல்தன்மைக்கான வழிகாட்டுதல்கள் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில், இயல்பான அளவுடைய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தை இடைநிலைத் தகுதிக்கு வரையறுத்தன. மேற்கண்ட ஆறு நிறங்களின்மீதும் வெள்ளை எழுத்தை இட்டால் அவ்விகிதம் மஞ்சளுக்கு 1.07, வெளிர்நீலப்பச்சைக்கு 1.25, பச்சைக்கு 1.37, கருஞ்சிவப்பூதாவுக்கு 3.14, சிவப்புக்கு 4.00, நீலத்துக்கு 8.59 என அமைகிறது. ஆறனுள் நீலம் ஒன்றே தகுதி பெறுகிறது. ஒரு செயலியின் ஆறு பொத்தான்களுக்குச் ‘சமமான’ நிறங்களைத் தேடும் வடிவமைப்பாளர், வண்ணத் தேர்வி தரும் எண்களை நம்பினால், பார்வைக்குறை உடையோர் படிக்கவியலாத ஐந்து பொத்தான்களை உருவாக்குவார். குறை அவருடைய கவனத்தில் இல்லை. கருவி இட்ட பெயரில் உள்ளது.

தெரிவின் நினைவு

மொழிபெயர்ப்பின் மற்றொரு குறை திரும்பு வழியில் தோன்றுகிறது. கறுப்பு நிறத்துக்குச் சாயலும் இல்லை, செறிவும் இல்லை. சாம்பலுக்குச் சாயல் இல்லை. சிவப்பு, பச்சை, நீல எண்களை மட்டும் சேமித்து, நகர்த்தியின் இடத்தை அவற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிடும் தேர்வியில், பயனர் நீலத்தின் வெளிச்சத்தைச் சுழியம் வரை இறக்கி மீண்டும் உயர்த்தினால் நீலம் திரும்புவதில்லை, சாம்பலே திரும்புகிறது. எண் காக்கப்பட்டது, பயனரின் எண்ணம் இழக்கப்பட்டது. சாயலையும் செறிவையும் தனியே நினைவில் வைத்து, வெளியீட்டுக்கு மட்டும் எண்களாக மாற்றுவதே முறையான கட்டமைப்பு. நிரலாக்க நுட்பமாகத் தோன்றும் இது, எதனை மூலமாகக் கொள்வது என்ற கோட்பாட்டுத் தெரிவேயாகும்.

மாற்று மாதிரிகள்

கண்ணின் உணர்வை அடிப்படையாகக் கொண்ட சி.ஐ.இ. லேப் என்னும் நிறவெளி 1976இலேயே வரையறுக்கப்பட்டது. அதன் அளவில் மஞ்சளின் வெளிர்மை ஏறத்தாழ 97, நீலத்தின் வெளிர்மை ஏறத்தாழ 32. 2020இல் பியோர்ன் ஓட்டோசன் ஓக்லேப் என்னும் திருத்தமான வெளியை முன்வைத்தார். எனினும் இவ்வகை வெளிகளைத் தேர்வியில் நேரடியாகப் பயன்படுத்தும்போது மன்செலின் ஒழுங்கற்ற மரம் மீண்டும் தோன்றுகிறது. குறிப்பிட்ட வெளிர்மையில் சில சாயல்களுக்கு உயர்செறிவு திரையில் இயலாது. ஆகவே நகர்த்தியின் ஒரு பகுதி பயனற்றுக் கிடக்கிறது. இதனைத் தவிர்க்க ஓட்டோசன் 2021இல் ஓக்எச்.எஸ்.எல்., ஓக்எச்.எஸ்.வி. என்னும் இரு வடிவங்களை அமைத்தார். இவை உணர்வொழுங்கில் சிறிது விட்டுக்கொடுத்து, எளிய வடிவத்தை மீட்கின்றன. பழைய மாதிரிக்கும் ஒரு நிறை உண்டு: திரை தரக்கூடிய மிகத் தூய நிறம் எப்போதும் சதுரத்தின் ஒரே மூலையில் கிடைக்கும். முழுமையாக உண்மையான வடிவம் எதுவுமில்லை. எதனை இழக்கிறோம் என்பதில்தான் மாதிரிகள் வேறுபடுகின்றன.

தமிழ்ச் சொல்லாக்கம்

இடைமுகத்தைத் தமிழாக்குவோருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. ‘வெளிர்நீலம்’ என்னும் வழக்கு எச்.எஸ்.வி. மாதிரியில் செறிவு குறைதலைக் குறிக்கிறது. ‘அடர்நீலம்’ என்பதோ சில இடங்களில் இருண்மையையும், சில இடங்களில் செறிவையும், பல இடங்களில் இரண்டையும் சேர்த்தும் சுட்டுகிறது. எனவே செறிவு நகர்த்திக்கு ‘அடர்த்தி’ எனப் பெயரிட்டால், அதனை உயர்த்தும் பயனர் நிறம் இருளுமென எதிர்பார்ப்பது இயல்பு. அளவு எதனைக் கணக்கிடுகிறது என்பதை அறிந்த பின்னரே அதற்குச் சொல் தெரிவு செய்யப்பட வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுவது போதாது.

முடிவுரை

வண்ணத் தேர்வியின் மரபுவழி அளவுகள் எந்திரத்தின் வசதியை மனித உணர்வின் பெயரால் வழங்குகின்றன. சமம் எனக் காட்டப்படுபவை கண்ணுக்குச் சமமல்ல என்பதை ஒளிர்மைக் கணக்கீடு உறுதிப்படுத்துகிறது. புதிதாகத் தேர்வி அமைப்போர் உணர்வுசார் வெளிர்மையை அடிப்படை அளவாகக் கொள்வதும், பயனர் தெரிந்த சாயலை நினைவில் காப்பதும், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதத்தைத் தெரிவு நிகழும் இடத்திலேயே காட்டுவதும் இன்றியமையாதவை. பழைய மாதிரியையே தொடர்வதாயின், அதன் மூன்றாம் அளவுக்கு ‘வெளிச்சம்’ என்னும் பெயர் பொருந்தாது.