பாக்கெட்டில் ஒரு கடற்காகம்: எவிசு ஜீன்ஸின் கைவேலை

எவிசு, ஜப்பானின் ஒசாகா நகரில் ஹிதேஹிகோ யமானே 1991-இல் தொடங்கிய டெனிம் நிறுவனம். யமானே தையற்கலை பயின்றவர். பழைய அமெரிக்க ஜீன்ஸ்களின் மேல் தீராத மோகம் கொண்டவர். அந்த ஜீன்ஸ்களின் துணியும் தையலும் அமெரிக்காவிலேயே வழக்கொழிந்துவிட்ட காலம் அது. அவற்றை மீட்டெடுக்க முனைந்த ஸ்டுடியோ டார்ட்டிசான், டெனிமே, எவிசு, ஃபுல்கவுண்ட், வேர்ஹவுஸ் ஆகிய ஐந்தையும் டெனிம் ரசிகர்கள் ‘ஒசாகா ஐவர்’ என்பார்கள். துணியின் தரத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் அடையாளச் சின்னத்தையே கைவேலையாக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தது எவிசுதான்.

தொடக்கத்தில் அதன் பெயர் ‘எவிஸ்’. லீவைஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதி முதலெழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுவே. கூடவே அது எபிசுவையும் நினைவூட்டும். தூண்டிலும் மீனும் ஏந்திய எபிசு, ஜப்பானியரின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். மீனவர்களும் வணிகர்களும் கும்பிடுபவர். ஒசாகாவின் இமாமியா எபிசு கோயிலில் ஜனவரி 10-ஐ ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு வியாபாரம் செழிக்க வேண்டிக் கூட்டம் அலைமோதும். வணிக நகரத்தில் பிறந்த கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

சின்னம், சிறகு விரித்த கடற்காகம். பின்பாக்கெட் இரண்டிலும் வெள்ளைச் சாயத்தில் தீட்டப்படும். லீவைஸ் பாக்கெட்டில் காணப்படும் இரட்டை வளைவுத் தையலின் உறவுக்காரன் என்று பார்த்தவுடன் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அலங்காரத் தையலுக்கு நூல் செலவிட வழியில்லாமல், லீவைஸ் அந்த வளைவைச் சாயத்தால் தீட்டி விற்றது. அந்தப் போர்க்கால ஜீன்ஸை அறிந்த கண்ணுக்கு எவிசுவின் தீற்றல் இன்னும் சுவையானது.

தொடக்க நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 14 ஜீன்ஸ்களே தயாராயின என்றும், ஒவ்வொன்றிலும் சின்னம் கையால் தீட்டப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. டெனிமின் சாய்வான வரிகளின் மேல் தூரிகை ஓடும்போது மேடுகளில் சாயம் கெட்டியாகப் படியும். பள்ளங்களில் நீலம் எட்டிப்பார்க்கும். தொடங்கிய இடத்தில் கோடு தடித்திருக்கும், சிறகின் நுனியில் மெலியும். இடது பாக்கெட்டின் பறவையும் வலது பாக்கெட்டின் பறவையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சிட்ட சின்னத்தில் இந்த உயிர் இல்லை.

சின்னத்தைத் தாங்கும் துணியும் அதே அக்கறையைக் கேட்கிறது. பாவு நூல்களைக் கயிறுபோல் திரட்டி நீலச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் நூல், காற்றுப்பட்டதும் நீலமாகிறது. முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்கி என்று பலமுறை செய்தாலும் நூலின் நடுவில் வெள்ளை அப்படியே நிற்கும். டெனிமின் அழகுக்கெல்லாம் வேர் இதுதான். உடுத்த உடுத்த மேல்நீலம் உதிர்ந்து, தொடையிலும் முழங்காலின் பின்புறத்திலும் உள்வெள்ளை வெளிப்படுகிறது. ஊடு நூலுக்குச் சாயமே கிடையாது.

நெசவு, பழைய நாடாத் தறியில். நாடா இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஊடு நூலை அறுக்காமல் கொண்டு செல்வதால் துணிக்குச் சொந்தக் கரை கிடைக்கிறது. தறி மெதுவானது, துணியின் அகலமும் 80 செ.மீ.-க்குள் அடங்கிவிடும். பாவின் இழுவிசை குறைவு என்பதால் பரப்பில் லேசான ஏற்ற இறக்கம் தங்கிவிடுகிறது. கைக்கு அது இதமான சொரசொரப்பு. லீவைஸ் கைவிட்ட தறிகளை யமானே வாங்கி வந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும் நம்புவதற்கில்லை. ஜப்பானிலேயே டொயோடா நாடாத் தறிகள் இருந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்த கைகளும் இருந்தன.

வெட்டும்போது கரை, காலின் வெளிப்பக்க இணைப்பில் வந்து விழும்படி துணியை அமைக்கிறார்கள். கால் மடிப்பைச் சங்கிலித் தையலில் அடிக்கும்போது துணி சற்றே முறுகுகிறது. சில சலவைகளுக்குப் பிறகு அந்த மடிப்பு முறுக்கிய கயிறுபோல் வெளுக்கும். இதற்காகவே யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற பழைய அமெரிக்கத் தையல் இயந்திரத்தை ரசிகர்கள் தேடி அலைகிறார்கள்.

1990களில் எவிசு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. ஹிப்-ஹாப் பாடகர்கள் அணிந்ததும் கடற்காகம் வளர்ந்தது, வண்ணங்கள் கூடின, பாக்கெட்டைத் தாண்டித் தொடை வரை பறந்தது. தெருவுக்கு அந்த உரத்த குரல் தேவைப்பட்டது, அதில் தவறில்லை. ஆனாலும் கைவேலையின் நுட்பம் கூடுதலாகத் தெரிவது பழைய சிறிய வெள்ளைத் தீற்றலில்தான். துவைக்கத் துவைக்க அதில் வெடிப்பு விடுகிறது. பர்ஸ் உரசும் பக்கத்துச் சிறகு முதலில் தேய்கிறது. கீழே காலை இரண்டு மடிப்பு மடித்துக் கரையை வெளியே காட்டுவது, இதை அணிபவர்களின் வழக்கம்.